வெறுப்புக்கு நாடி பார்த்தார்கள்

கோம் ராஹிப்,
எகிப்து,
1996 அக்டோபர் 12

என் கருஞ்சீரகமே,

உன் மேல் இறைவனின் அமைதி இறங்கட்டும். குவைத்தில் வெயில் தணிந்ததா? டைல்ஸ் ஒட்டி ஒட்டி முழங்கால் வீங்கியிருக்கிறது என்று எழுதியிருந்தாயே, எண்ணெய் தேய்த்தாயா? உன்னைக் கூப்பிடும் பெயரிலேயே மருந்து இருக்கிறது, நீ வலியோடு இருக்கிறாய்.

நான் நன்றாக இருக்கிறேன். பெண்கள் எழுத்து வகுப்பில் இப்போது யாரிடமும் கேட்காமல் ஒரு பக்கம் எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரித்துவிட்டு மடித்து வை.

ஒரு அதிசயம் கேள் கலஃப். அஸ்யூத் கல்லூரியிலிருந்து இல்ஹாம் என்று ஒரு டாக்டரம்மா ஊருக்கு வந்திருக்கிறாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, மனதைப் படித்தவள். அலெக்ஸாண்டிரியாக்காரி. பழிக்குப் பழி நடக்கிற ஊர்களில் பெண்களைப் பார்த்துப் பேச வந்தாளாம். எங்கள் வகுப்புக்கே வந்துவிட்டாள்.

"உம்மு தாஹி, நான் வெறுப்பை அளக்கிறேன்" என்றாள். யாரோ என் மூத்தவன் பெயரைச் சொல்லிக்கொடுத்திருக்க, தாஹியின் தாய் என்று முறையாகவே கூப்பிட்டாள்.

"எதால அளப்ப மகளே? படியாலயா, முழத்தாலயா?"

"அதைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்."

பக்கத்து வீட்டு நஈமா விடுவாளா? "எங்க மாமியாளை அளந்து பாரு. உன் கல்லூரியில மூட்டை பத்தாது" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

பிறகு அவள் கேட்டாள், நான் சொன்னேன். தண்ணீர் முறை யாருடையது என்ற சண்டையில் ரஷ்வான் உன் அண்ணனை வாய்க்கால் கரையில் சுட்டது. ரஷ்வான் ஜெயிலில் இருப்பது. நாம் இன்னும் துக்கக் கூடாரம் போடாதது. ரத்தத்துக்கு ரத்தம் விழும்வரை யாரிடமும் ஆறுதல் வார்த்தை வாங்காதது, நான் வாய்விட்டு அழாதது. இங்கே பால்குடிக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். அவள் புதையலைக் கண்டதுபோல எழுதிக்கொண்டாள்.

அடுத்த மாதம் வரச்சொல்லியிருக்கிறாள். போகிறேன். வெறுப்பை அளக்க ஒரு படிப்பு இருக்கிறது என்று இந்த வயதில்தான் தெரிகிறது. அப்படியென்றால் எனக்குள் இருப்பது என்ன நீளம், என்ன எடை?

வேளைக்குச் சாப்பிடு. உன் சித்தப்பா ஹம்தான் உன்னைக் கேட்டதாகச் சொன்னார்.

உன் அம்மா வஹீபா

*

குவைத்,
1996 நவம்பர் 20

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

உங்கள் கைகளை முத்தமிட்டு எழுதுகிறேன். நலமாக இருக்கிறேன், உங்கள் நலம் வேண்டி. எண்ணெய் தேய்த்தேன். அறை முழுக்க மணக்கிறது, கூட இருப்பவர்கள் திட்டுகிறார்கள்.

உங்கள் டாக்டரம்மாவிடம் சொல்லுங்கள், நம் ஊர் வெறுப்பை அளக்க ரயில் எடைமேடைதான் சரி.

வசந்தத்தில் ரஷ்வான் வெளியே வருகிறான் என்று ஊரிலிருந்து வந்த ஒருவன் சொன்னான். உண்மையா? நீங்கள் ஏன் எழுதவில்லை?

குளிருக்கு ஒரு சால்வை அனுப்பியிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கலஃப்

*

கோம் ராஹிப்,
1996 டிசம்பர் 15

என் கருஞ்சீரகமே,

சால்வை வந்தது. போர்த்திக்கொண்டுதான் எழுதுகிறேன். அனுப்பிய கைக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

கல்லூரிக்குப் போய்வந்தேன். ரயிலில் வெயிலில் பொங்கவைத்துச் சுட்ட ரொட்டி கொண்டுபோனேன், டாக்டரம்மா பாதியைத் தின்றுவிட்டாள். ஒல்லி, ஆனால் நன்றாகச் சாப்பிடுகிறாள்.

முதலில் ஒரு ஏணிப் படம் கொடுத்தாள். ஏழு படி. கீழ்ப்படி என்றால் கொஞ்சமும் இல்லை. உச்சிப்படி என்றால் அதற்கு மேல் இடமே இல்லை. ஒவ்வொன்றாகக் கேட்பாள், நான் விரலை வைக்க வேண்டும். ரஷ்வான் நடக்கும் தெருவில் கால்வைக்க உனக்குக் கசக்குமா? அவனுக்குத் துன்பம் வந்தால் உனக்கு இனிக்குமா? அவன் திருந்தவே மாட்டானா? அவன் உலகத்தில் இல்லாமலே போக வேண்டுமா? என் விரல் உச்சியை விட்டு இறங்கவே இல்லை.

"நீங்க சொல்றது கோபமா, வெறுப்பா?" என்றாள்.

"ரெண்டும் ஒண்ணுதானே மகளே?"

"இல்ல. கோபம் ஒருத்தன் செஞ்சதைப் பாக்கும். வெறுப்பு அவனையே பாக்கும். கோபத்துக்கு அவன் மாறினாப் போதும். வெறுப்புக்கு அவனே இருக்கக் கூடாது."

கேட்டாயா கலஃப்? இத்தனை வருடம் ஒரே குடத்தில் இரண்டு தண்ணீரை வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்புறம்தான் கூத்து. ஒரு கிண்ணம் நிறைய அவரைக் கூழ், பக்கத்தில் மிளகாய்த்தூள், ஒரு கரண்டி.

"இதை ரஷ்வான் சாப்பிடப்போறான்னு வெச்சுக்குங்க. எவ்வளவு காரம் போடுவீங்க?"

"ஒண்ணும் போடமாட்டேன்."

"ஏணியில உச்சியில நின்னீங்களே!"

"இப்பவும் அங்கதான் நிக்கிறேன். துப்பாக்கியைக் குடு, பாப்போம். சோத்துல எப்படிக் கை வெக்கிறது? அது ஆண்டவன் குடுத்தது."

அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வெளிநாட்டில் இந்தப் பரீட்சை வைத்தபோது ஆளாளுக்குக் கரண்டி கரண்டியாக அள்ளிப் போட்டார்களாம். "இங்க வந்த உங்க ஊர்ப் பொம்பளைங்கள்ல ஒருத்திதான் போட்டாங்க. அதுவும் அவங்க புருஷனுக்கு" என்றாள். யார் என்று சொல்ல மறுத்துவிட்டாள். நஈமாவாகத்தான் இருக்கும்.

"அப்ப உன் பரீட்சை வீணாப் போச்சா?" என்றேன்.

"இல்ல உம்மு தாஹி. ஒரே வெறுப்பு ஊருக்கு ஊர் வேற கதவு வழியா வெளிய வருது. எந்தக் கதவு பூட்டியிருக்குன்னு தெரியறதும் பாடம்தான்."

நீ கேட்டது உண்மை. வசந்தத்தில் அவனை விடுகிறார்கள். அதை எழுத எனக்குக் கை வரவில்லை. எழுத்து வராமல் இல்லை.

குளிரில் வெறுங்காலோடு வேலை செய்யாதே.

உன் அம்மா

*

கோம் ராஹிப்,
1997 ஜனவரி 28

கருஞ்சீரகமே,

அமைதியும் நலமும் உன்னோடு இருக்கட்டும். போன கடிதத்துக்குப் பதில் இல்லை. தபால் தாமதம் என்று நினைத்துக்கொள்கிறேன். சளி பிடித்திருந்தது, இப்போது இல்லை.

மறுபடி கல்லூரிக்குப் போனேன். இந்த முறை விரல்களில் பசை தடவி ஒயர் கட்டினார்கள். உள்ளே மனது அசைந்தால் விரல்நுனியில் நமக்கே தெரியாமல் ஈரம் கசியுமாம். அந்த ஈரத்தை ஒயர் பிடித்துக்கொள்ளுமாம். ஒரு ஊசி, நகரும் காகிதத்தில் மையால் கோடு இழுக்கும். நான் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். என் முன்னால் படங்களை மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள். ஒரு நாற்காலி, ஒரு கழுதை, யாரோ ஒரு மனிதன். நடுவில் ரஷ்வான். வழக்கு நடந்தபோது பத்திரிகையில் வந்த படம். அப்புறம் மறுபடி ஒரு மரம், ஒரு பானை. அப்புறம் உன் அண்ணன். நான் கொண்டுபோன படம்தான், கல்யாண வீட்டில் தலைப்பாகை சரிந்து சிரிக்கிறானே, அது.

முடிந்ததும் டாக்டரம்மா காகிதச் சுருளை மேசையில் விரித்தாள். கழுதைக்கும் பானைக்கும் கோடு தரையோடு தரையாகக் கிடக்கிறது. இரண்டே இடத்தில் குன்றுபோல எழும்பி நிற்கிறது. ஒரே உயரம், ஒரே சரிவு.

"இதுல எது ரஷ்வான், எது என் பிள்ளை?"

"நீங்களே சொல்லுங்க பாப்போம்."

பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். தெரியவில்லை கலஃப். பெற்ற எனக்கே தெரியவில்லை.

"ஊசிக்கும் தெரியாது" என்றாள். "உள்ள எவ்வளவு பெருசா அசையுதுன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். பாசமா பகையான்னு சொல்லாது. அதைச் சொல்ல உங்க வாயாலதான் முடியும்."

சுபஹானல்லாஹ் என்றேன். மனிதனைப் படைத்தவன் இந்த இரண்டையும் ஒரே மண்ணில் குவித்து வைத்திருக்கிறான். நான் என்னமோ ஒன்றை வலது கையிலும் ஒன்றை இடது கையிலும் பிடித்திருப்பதாக நினைத்திருந்தேன்.

அவளிடம் கேட்காத ஒன்றை உன்னிடம் கேட்கிறேன். ஒரு குன்றை வெட்டி எடுத்தால் மற்றதும் சரிந்துவிடுமா? தாஹியின் குரல் எனக்கு மறந்துகொண்டு வருகிறது. வெறுப்பு மட்டும்தான் நேற்றுப் பிறந்ததுபோல இருக்கிறது. அதையும் கொடுத்துவிட்டால் அவனுடையது என்று என்னிடம் என்ன மிஞ்சும்?

வெளியே வரும்போது நடையில் ரஷ்வானின் தாய் ஃபத்ஹியா நின்றாள். இருவரும் சுவரைப் பார்த்தோம். ஆனால் அவள் விரல்நுனிகளில் பசை வெள்ளையாகக் காய்ந்திருந்ததைப் பார்த்துவிட்டேன். அவளையும் உட்காரவைத்திருக்கிறார்கள். அவளை யாரை நினைக்கச் சொல்லியிருப்பார்கள்? யோசித்துக்கொண்டே ரயில் ஏறினேன். பாதி வழியில் புரிந்தது. உன்னைத்தான். தாஹிக்குப் பழி வாங்க வேண்டியவன் நீதானே.

எழுது மகனே. இரண்டு வரி போதும்.

உன் அம்மா

*

குவைத்,
1997 பிப்ரவரி 26

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

சளி விட்டது கேட்டு நிம்மதி. நானும் நலம். வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை.

ஏப்ரலில் விடுமுறை கேட்டிருக்கிறேன், கிடைத்துவிடும். சித்தப்பா பேசி அனுப்பிய கேசட் வந்தது. ரஷ்வான் வெளியே வந்ததும் பழைய வழியில்தான் சந்தைக்குப் போவானா? பேரீச்சந்தோப்பு இன்னும் அப்படியே இருக்கிறதா? சும்மா கேட்கிறேன்.

உங்களுக்கு என்ன வாங்கிவர வேண்டும்?

உங்கள் கலஃப்

*

கோம் ராஹிப்,
1997 மார்ச் 9

கலஃப்,

உனக்கு அமைதி உண்டாகட்டும். எனக்கு எதுவும் வாங்க வேண்டாம்.

"சும்மா கேட்கிறேன்" என்று எழுதிய இடத்தில் பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிறது.

உன் சித்தப்பாவிடம் போனேன். ஹுக்கா பிடித்துக்கொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டுப் பையனை வரச்சொன்ன ஹம்தான்?"

"ஆம்பளை ரத்தத்துக்குப் பொம்பளைகிட்ட உத்தரவு வாங்கணுமா அண்ணி? எழுதப் படிச்சதும் ஊர்த் தலைவர் ஆயிட்டீங்களோ?"

"அவன் மனசுல ரஷ்வான்மேல எவ்வளவு வெறுப்பு இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தாஹிக்குத் தம்பி. அதுக்கு மேல என்ன தெரியணும்? உங்க டாக்டர் பொண்ணு வந்து ஒயர் கட்டணுமா?"

"கட்டணும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

உனக்கு ஒயர் கட்ட முடியாது. ஆனால் ஏணி வரையலாம். கீழே வரைந்திருக்கிறேன், கோணலாக இருந்தாலும் ஏழு படி இருக்கிறது. டாக்டரம்மா கேட்ட கேள்விகளையும் எழுதியிருக்கிறேன். தனியாக உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் படியைச் சொல். சித்தப்பா முகத்தையும் என் முகத்தையும் மறந்துவிட்டுச் சொல். எனக்குப் பொய் எழுதாதே. உன்னை நான் சுமந்திருக்கிறேன், கனம் தெரியும்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

அம்மா

*

குவைத்,
1997 மார்ச் 30

அம்மா,

உங்கள் கைகளை முத்தமிடுகிறேன். முழங்கால் பரவாயில்லை.

வெள்ளிக்கிழமை எல்லோரும் வெளியே போனபின் உட்கார்ந்தேன். பொய் எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன்.

எல்லாவற்றுக்கும் கீழிருந்து இரண்டாவது படிதான் வந்தது. ஒன்றுக்கு முதல் படி. ரஷ்வான் முகம் எனக்கு நினைவில்லை. மீசை இருந்தது, அவ்வளவுதான். அவனை நினைத்தால் ஒன்றும் எரியவில்லை. அண்ணன் என்னைத் தோளில் வைத்து வாய்க்கால் தாண்டியது எரிகிறது. அதற்குக் கேள்வி இல்லை உங்கள் தாளில். இதை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். வெறுப்பு இல்லாத தம்பி என்று தெரிந்தால் நான் ஊருக்குள் எப்படி நடப்பேன்?

ஆனாலும் வருகிறேன். ஏன் என்று கேட்டால், அண்ணனைத் தூக்கிக்கொண்டு வந்த அன்று நீங்கள் வாயில் துணியை அடைத்துக்கொண்டு நின்றீர்கள். இன்றுவரை அந்தத் துணியை எடுக்கவில்லை. நம் வீட்டில் அந்தச் சத்தமின்மை தாங்காமல்தான் நான் கப்பல் ஏறினேன், சம்பளத்துக்காக இல்லை. "அவன் விழுந்தா உங்கம்மா அழுவா, அழுதா பிழைச்சுக்குவா" என்று சித்தப்பா கேசட்டில் சொல்லியிருக்கிறார். அது போதும் எனக்கு.

ஏப்ரல் கடைசியில் வருவேன்.

கலஃப்

*

கோம் ராஹிப்,
1997 ஏப்ரல் 8

என் கருஞ்சீரகமே,

ஆண்டவன் உன் வழியைக் காக்கட்டும். உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் முலூகியா கீரை கரிந்துவிட்டது.

பேர் சொல்லாமல் டாக்டரம்மாவிடம் கேட்டேன். "வெறுப்பே இல்லாம ஒருத்தன் கொலை செய்வானா?"

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "செய்வான் உம்மு தாஹி. அதுதான் பயம். வெறுப்பை அளந்துட்டா கத்தியையும் அளந்துட்டோம்னு ஆரம்பத்துல நெனைச்சேன். பாசத்துக்காகவும் செய்வான், ஊருக்காகவும் செய்வான். மனசு குளத்துத் தண்ணியாட்டமே கிடக்கும், கை மட்டும் போயிடும்."

பார் கலஃப், எப்படிப்பட்ட சிருஷ்டி. உச்சிப்படியில் நிற்கிற நான் அவன் சோற்றில் ஒரு சிட்டிகை மிளகாய் போடமாட்டேன். இரண்டாம் படியில் நிற்கிற நீ எனக்காக அவனைக் கொல்லக் கடல் தாண்டி வருகிறாய். யார் யாரை அளப்பது?

சமரசப் பெரியவர்களைப் போய்ப் பார்த்துவிட்டேன். ரஷ்வான் போன வாரம் வெளியே வந்துவிட்டான். தன் கஃபனைத் தானே ஏந்திக்கொண்டு நம் முற்றத்துக்கு வரச் சம்மதித்திருக்கிறான். ஆனால் முறை உனக்குத் தெரியும். உன் அப்பாவும் இல்லாததால், அந்தச் சவத்துணியை அவன் கையிலிருந்து வாங்கும் உரிமை இறந்தவனின் தம்பிக்குத்தான், எனக்கில்லை. நீ வாங்கினால் அவன் பிழைப்பான், பகை முடியும். வாங்காவிட்டால் முற்றத்திலேயே அவனைச் சுட்டாலும் இங்கே யாரும் உன்னைக் குறை சொல்ல மாட்டார்கள்.

உன் சித்தப்பா என் வாசலில் துப்பிவிட்டுப் போனார். "மகன் ரத்தத்தைப் பேசித் தீர்க்கிறா" என்றார்.

வா. வாங்கிக்கொள்ள வா. என்னை அழவைக்க ஒரு பிணம் வேண்டாம் எனக்கு.

அம்மா

*

குவைத்,
1997 ஏப்ரல் 24

அம்மாவுக்கு வணக்கமும் முத்தமும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. சித்தப்பாவின் இன்னொரு கேசட்டும் கிடைத்தது. செவ்வாய் புறப்படுகிறேன். மற்றதை வந்து பேசலாம்.

கலஃப்

*

கோம் ராஹிப்,
1997 ஜூன் 3

என் கோதுமை மணியே, தாஹி,

நீ இருக்கும் இடத்தில் அமைதி நிறைந்திருக்கட்டும். உன் உடம்பை விசாரிக்க வழியில்லை, அதை மட்டும் விட்டுவிடுகிறேன். உனக்கு நான் எழுதும் முதல் கடிதம். நீ இருந்தபோது எனக்கு எழுதத் தெரியாது.

உன் தம்பி வந்தான். வந்து பேசலாம் என்று எழுதினவன், இரண்டு நாள் ரொட்டியைக் கிள்ளிக்கொண்டே இருந்தான். நானும் கேட்கவில்லை. கேட்டால் எந்தப் பதில் வருமோ என்று பயம்.

மூன்றாம் நாள் காலை ஊரே முற்றத்தில் கூடியது. டாக்டரம்மாவும் பெண்கள் பக்கம் நின்றாள், கையில் தாளும் இல்லை பேனாவும் இல்லை. உன் தம்பி நடுவில் நாற்காலியில் இருந்தான். ஹம்தான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்கத் தன் துப்பாக்கியை எடுத்து அவன் மடியில் வைத்தார். "உங்கம்மாவைப் பாரு. கல்லாட்டம் நிக்கிறா. அவளுக்கு எது வேணும்னு புரியலையாடா?" என்றார். எனக்கே கேட்டது.

வாய்க்கால் பக்கமிருந்து ரஷ்வான் வந்தான். செருப்பில்லை, தலைப்பாகையில்லை. நீட்டிய கைகள்மேல் வெள்ளைத் துணி. நரைத்திருந்தான் தாஹி. பின்னால் ஃபத்ஹியா, நடக்கத் தெரியாதவள்போல.

உன் தம்பி கை துப்பாக்கியின்மேல் இருந்தது. அவன் ரஷ்வானைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். என் வாயைப் பார்த்தான்.

அப்போது அழுதேன். ரத்தம் விழுவதற்கு முன்னால், துணி வாங்குவதற்கு முன்னால், ஆண்கள் எல்லோருக்கும் நடுவில். "ஐயோ தாஹி" என்று ஆரம்பித்தது, அப்புறம் வார்த்தையே இல்லை. நஈமா பிடித்துக்கொண்டாள், அவளும் அழுதாள். பெண்கள் பக்கம் முழுக்கப் பற்றிக்கொண்டது. நெஞ்சுக்கூடு உடைந்து அதற்குள்ளிருந்து நீ பிறந்ததுபோல இருந்தது. ஹம்தான் "யாராவது அவளை உள்ள கூட்டிட்டுப் போங்க!" என்று கத்தினார். ஒருத்தரும் அசையவில்லை.

உன் தம்பி எழுந்தான். துப்பாக்கியை நாற்காலியில் வைத்துவிட்டு நடந்து போய், ரஷ்வான் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டான். வாங்கும்போது அவனும் அழுதுகொண்டிருந்தான். "எங்கம்மா அழுதுட்டா" என்று ரஷ்வானிடமே சொன்னான். பாவம், வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை அவனுக்கு.

அன்றே கூடாரம் போட்டோம். சர்க்கரை போடாத காப்பி கொடுத்தோம். வந்தவர்கள் எல்லோரும் உன் பெயரைச் சொன்னார்கள். நீ தலைப்பாகை சரியச் சிரிப்பாயே, அந்தச் சிரிப்பின் சத்தம் கூடாரத்துக்குள் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

போன வாரம் டாக்டரம்மா மறுபடி ஏணியை நீட்டினாள். விரலை வைத்தேன். உச்சிப்படி.

"இன்னுமா உம்மு தாஹி?"

"இன்னும்தான் மகளே. இறங்கல."

"அப்புறம் எப்படி அவனை விட்டீங்க?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அவளுக்கும் தெரியவில்லை. இருவரும் அந்த ஏணிப் படத்தைக் கடலைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தோம். இத்தனை வெறுப்பையும் வைத்துக்கொண்டு ஒருவனை உயிரோடு அனுப்ப மனிதனுக்கு முடிகிறது. அது எந்தப் படியில் இருக்கிறது என்று அவள் இனிமேல்தான் தேட வேண்டுமாம்.

உன் தம்பி நாளை குவைத் போகிறான். எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் உறுத்துகிறது.

என்னை அளந்தார்கள், ஃபத்ஹியாவை அளந்தார்கள். உன் தம்பியை நான் அளந்தேன். உன் பேரில் வெறுத்தோம், உன் பேரில் விட்டுக்கொடுத்தோம். சுடப்பட்டவன் நீ. உன் விரலில் யாரும் ஒயர் கட்டவில்லை, உன் முன்னால் யாரும் ஏணியை நீட்டவில்லை.

என் கோதுமை மணியே, நீ அவனை வெறுக்கிறாயா?